மருமகனின் பெயரைத் தேடிய வாரம்

அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாதி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"நோயாளியின்ர பேர்?"

அவள் கேட்டது இத்தாலிய மொழியில்தான். முப்பது வருடம் பலேர்மோவில் குப்பை கொட்டியதில் அது எனக்குள் எங்கள் தமிழாகவே வந்து விழும். கேள்வி விளங்கியது. வாய் திறந்தது. பெயர் வரவில்லை.

உள்ளே தள்ளுவண்டியில் கொண்டுபோனது என் மகளின் கணவரை. மூன்று வருடமாக என் கையால் சாப்பிடுகிற மனிதர். கோழிக்கறியில் காலைத்தான் தேடுவார், கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார், உறைப்புக் கூடினால் மூக்கு மட்டும் சிவக்கும், ஆனால் போதும் என்று சொல்லமாட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். பெயர் தெரியாது.

"தம்பி" என்றேன்.

தாதி கணினியில் தட்டினாள். "குடும்பப் பேர்?"

"அதுவும் அதுதான்."

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் எப்படியும் பெயர் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், மறுபடியும் தட்டினாள். பிறந்த தேதியைக் கேட்டபோது டக்கென்று சொன்னேன். வருடா வருடம் அன்றைக்குப் பாயாசம் காய்ச்சுகிறவள் நான். அந்தப் பதிலில் என் மானம் கொஞ்சம் மீண்டதாக நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மகள் வேலைப் பயிற்சிக்காக ஒரு வாரம் பொலோஞ்ஞா போயிருந்தாள். மருமகனுக்கு நேப்பிள்ஸ் போகும் கப்பலில் இயந்திர வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு நாள். போர்கோ வெக்கியோ சந்தைக்கு நான் கிளம்ப, பை தூக்க வாறன் என்று பணப்பையைக்கூட எடுக்காமல் கூடவே வந்துவிட்டார். மீன் கடைக்கு முன்னால் ஊற்றியிருந்த தண்ணீரில் கால் வழுக்கியது. லித்துவேனியாவிலிருந்து வந்த ஆறடி மூன்று அங்குலமும் பனை சாய்ந்த மாதிரி விழுந்தது. விழும்போதும் என் பையை ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். பைக்குள் பன்னிரண்டு முட்டை. ஒன்றும் உடையவில்லை. ஊன்றிய கையின் மணிக்கட்டுத்தான் உடைந்தது. திரும்பிப் போன தன் கையைப் பார்த்ததும் மனிதர் மயங்கிவிட்டார். அதனால்தான் தாதி அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.

அரை மணி நேரத்தில் கதவு திறந்து டொக்டர் எட்டிப் பார்த்தார். "சின்யோர் தம்பி தம்பி!"

உள்ளே கட்டிலில், அதற்குள் மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த மருமகன் நல்ல கையைத் தூக்கி, "நான்தான்" என்றார். பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. இவர் திரும்பி முறைத்திருந்தால் நான் பதிலுக்கு முறைத்து ஆறியிருப்பேன்.

பெயர் தெரியாமல் போனதற்கு நான் எல்லோரிடமும் சொல்லக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீடுகளில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? என் கணவரை நான் "இஞ்சாருங்கோ" என்பேன், அவர் என்னை "இஞ்சாரும்" என்பார், நாற்பது வருடம் போய்விட்டது. மருமகனைப் பெயர் சொல்லி அழைக்கிற மாமியாரை நான் கண்டதில்லை. இது நல்ல காரணம். உண்மையான காரணம் வேறு.

மகள் முதன்முதலில் இந்த ஆளைப் பற்றிக் கதைக்க வந்தபோது, "அம்மா, அவற்ர பேர்" என்று தொடங்கினாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "எனக்குப் பேர் வேண்டாம்" என்று கத்தினேன். எட்டு மாதம் அவரை "அது" என்றேன். பிறகு "அந்த ஆள்". நகரசபையில் கலியாணப் பதிவு நடந்தபோது அதிகாரி பெயரை உரக்க வாசித்தார்தான். நான் அதைவிட உரக்க அழுதுகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் சோறு போடும்போது "தம்பி, இன்னும் கொஞ்சம்?" என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து தம்பி. மகள் அன்றைக்குச் சொன்னது மட்டும் நினைவிருந்தது: "ஒருநாள் நீங்களாக் கேப்பியள் அம்மா. அப்ப சொல்லுறன்."

கேட்பேனா? என் பிடிவாதம் என்னோடு பிறந்தது, எனக்கு முன்னால் அது போகாது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தாய் வருகிறார். கலியாணத்துக்கு வரமுடியாமல் அப்போது முழங்கால் சத்திரசிகிச்சை. இப்போது முதல் தடவையாக வருகிறார். சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரு தாய் தன் ஒரே மகனை எப்படிப்பட்ட வீட்டில் விட்டிருக்கிறேன் என்று பார்க்க வருகிறார். அந்த வீட்டுக்காரிக்கு அவனுடைய பெயரே தெரியாது என்று தெரிந்தால் என்ன நினைப்பார்? நான் அவருடைய மகனை ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று நினைப்பார். மூன்று வருடத்துக்கு முன் அது முழு உண்மை. இப்போது அது பொய். பெயர் தெரியாதவள் அதை எப்படி நிரூபிப்பது?

யாரிடமும் கேட்காமல் ஞாயிறுக்குள் கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் கணவர். சுற்றி வளைத்து, "இஞ்சாருங்கோ, மருமகன்ர பேரைத் தமிழிலை எப்பிடி எழுதுறது?" என்றேன்.

"மருமகன் எண்டுதான்" என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மருமகனின் இலக்கத்துக்கு மேலே "கப்பல்" என்று போட்டிருந்தது. மகள் அவரைக் கூப்பிடுவது "அமோ", அன்பே என்கிற மாதிரி ஒன்று. பலேர்மோவில் பாதிப் பெண்கள் பாதி ஆண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருக்கும் அவர்கள் வீட்டுக் கதவுமணியில் என் கணவரின் பெயர் மட்டும். மகளின் குடும்பப் பெயர் அதுதானே. அவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க வாங்கிப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு நங்கூரமும் ஓர் இலக்கமும் இருந்தன.

வியாழக்கிழமை அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது பணப்பை மேசையில் கிடந்தது. கையை வைத்தேன். மருமகனின் பணப்பையைத் துழாவுகிற மாமியாராக நான் ஆகிவிட்டேனே என்று யோசித்த அந்த ஒரு நொடியில் அவர் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஒன்றும் கேளாமல் நல்ல கையால் இருபது யூரோத் தாள் ஒன்றை உருவி என் பக்கம் நீட்டினார்.

"மாமி, காணுமோ?"

வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல், நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம், சின்யோராவிடம் போனேன். வேலைக்குத்தான் போனேன், கூடவே இதையும் கொண்டுபோனேன். வியா மக்வேதா என்ற தெருவில் மூன்றாம் மாடி. சின்யோரா எண்பது வயது, பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்தவர். நான் பத்தொன்பது வருடமாக அந்த வீட்டைத் துடைக்கிறேன். எனக்கு முன் அங்கே வேலை செய்தவளின் பெயரால்தான் என்னையும் கூப்பிடுவார். கேட்டால் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் டேப்லெட்டை எடுத்து மூக்குக் கண்ணாடியை மாட்டினார். லித்துவேனிய ஆண் பெயர்கள், அவற்றின் பொருள்கள் என்று ஒரு நீண்ட பட்டியல்.

"ஏதாவது ஞாபகம் இருக்கோ?"

"கடைசியிலை 'ஸ்' வரும்" என்றேன். அது ஒன்றாவது தெரிந்ததில் எனக்குப் பெருமை.

சின்யோரா பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். "எல்லாத்துக்கும் கடைசியிலை ஸ்தான் வருது."

சரி, குணத்தை வைத்துப் பிடிப்போம் என்றேன். அவர் வாசித்தார், நான் தீர்ப்புச் சொன்னேன். ஆஷுவோலாஸ், ஓக் மரம். உயரம் பொருந்துகிறது, இருக்கட்டும். கிந்தாராஸ், அவர்கள் கடற்கரையில் ஒதுங்கும் அம்பர் என்ற பொன்னிறக் கல். இருக்கலாம், தலைமயிர் அந்த நிறம்தான். ரீதிஸ், காலைப்பொழுது. வெட்டுங்கள், ஓய்வு நாளில் பத்து மணிக்கு முன் அந்த மனிதர் எழும்பி நான் பார்த்ததில்லை. லினாஸ், நூல் எடுக்கிற ஆளிச்செடி. ஐதாஸ், எதிரொலி. இதற்கு ஒரு புள்ளி போடச் சொன்னேன். நான் "சாப்பிடுங்கோ" என்றால் அவரும் "சாப்பிடுங்கோ" என்பார்.

உக்னியுஸ் வந்ததும் சின்யோரா குதிக்காத குறை. அதற்கு நெருப்பு என்று பொருளாம். லத்தீனில் இக்னிஸ் என்றார். நாங்கள் கோயிலில் சொல்லும் அக்கினி என்றேன் நான். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று விளக்கத் தொடங்கியவரை நிறுத்த எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. நெருப்பு வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் நெருப்பு என் பக்கம்தான்.

பழைய பிரபுக்களின் பெயர்கள் இன்னொரு வகை. இரண்டு சொல்லை ஒட்டவைத்து ஒரு பெயர் செய்வார்களாம். ஒன்றில் மக்கள் என்று பாதி, காண்பது என்று பாதி. அந்தத் தலையை வாலாகவும் வாலைத் தலையாகவும் மாற்றிப் போட்டால் அடுத்த பிள்ளைக்குப் பெயர் தயார். வீதௌதாஸ் ஒருவன், தௌத்வீதாஸ் இன்னொருவன். சிக்கனமான ஆட்கள் என்று எனக்குப் பிடித்துப்போனது. அல்கிர்தாஸ் என்பதில் சம்பளம் என்ற சொல்லும் கேட்பது என்ற சொல்லும் இருக்கின்றன என்று வாசித்தபோது, அது எனக்கே வைத்திருக்க வேண்டிய பெயர் என்றேன். சின்யோரா அதைக் காதில் வாங்காமல் அடுத்ததற்குப் போனார். யோனாஸ் வந்தபோது, இது எங்கள் ஜொவான்னிதான் என்று மகிழ்ந்தார். "எங்கட ஊரிலை இந்தத் தொல்லையே இல்லை. தாத்தான்ர பேரைப் பேரனுக்கு வைக்கிறது. சந்தையிலை ஒரு பேரைக் கூப்பிட்டா அஞ்சு பேர் திரும்புவினம். பொருள் ஆருக்கு வேணும்?"

கியெத்ரியுஸ், தெளிந்த வானம். இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவுத்ரியுஸ், புயல். இதைக் கேட்டவுடனே வெட்டச் சொன்னேன். மூன்று வருடத்தில் ஒரு கதவை அடித்துச் சாத்தாத மனிதர். பிறகு கேஸ்துதிஸ். சின்யோரா பொருளை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தாங்கிக்கொள்ளுறவன். பொறுத்துப் போறவன்."

"ம்" என்றேன்.

"உன்னட்டை மூண்டு வருசம் சாப்பிடுறான். இதுதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "மருமகன்ர பேர் தெரியாத மாமி!" இருமல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சின்யோரா, என்ர பேர் என்ன?"

சிரிப்பு நின்றது. அவர் மெல்ல எழுந்து என் வேலை ஒப்பந்தம் இருக்கும் மேசை இழுப்பறைக்குக் கையைக் கொண்டுபோனார். நான் முந்திக்கொண்டு இழுப்பறையைக் கையால் அமர்த்தினேன். "பாக்காமச் சொல்லுங்கோ."

அவரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்பது வயதில் ஒரு வாத்தியார் வீட்டுப்பாடம் செய்யாமல் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன். "மெல்லமாச் சொல்லித் தா" என்றார். என் பெயர் கொஞ்சம் நீளம். அன்றைக்குப் பாதி பிடித்தார். "மிச்சம் திங்கக்கிழமை" என்று தனக்குத் தானே தவணை கேட்டார்.

அவரை மடக்கிவிட்ட சந்தோஷம் வியா மக்வேதா முடியும் வரைகூட நிற்கவில்லை. பத்தொன்பது வருடம் வேறு ஒருத்தியின் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டுதானே அந்தப் பிள்ளைக்குக் காதைப் பொத்தினேன். வெட்கமாக இருந்தது. வீடு வரும்வரை வெட்கமாகவே இருந்தது.

ஞாயிறு வந்தது. பொலோஞ்ஞாவிலிருந்து வந்த மகளும் நாங்களும் விமான நிலையத்தில் நின்றோம். எனக்குக் கடைசி நம்பிக்கை ஒன்று இருந்தது. இத்தனை நாள் காணாத மகனைக் கண்டதும் எந்தத் தாயும் பெயரைச் சொல்லித்தானே கத்துவாள்? காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. மகனைப் போலவே உயரமான ஒரு மனுஷி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஸூனேலி!"

"அதென்ன?" என்று மகளின் விலாவில் இடித்தேன்.

"சின்ன மகனே எண்டு அர்த்தம் அம்மா" என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அங்கேயும் அப்படித்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோரும் நான் உருகிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் சம்பந்தியம்மா தங்கள் ஊர்க் கறுத்த பாண் ரொட்டியும், எனக்கென்று ஓர் அம்பர் மாலையும் எடுத்து வைத்தார். என் மீன்குழம்பைச் சாப்பிட்டார்; மகனைப் போலவே மூக்கு மட்டும் சிவந்தது. பிறகு மகனின் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

மருமகன் எனக்குச் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தாய்க்கே வேகமாக ஏதோ பதில் சொன்னார். காது இரண்டும் சிவந்திருந்தன. உறைப்புக்கு அவருக்கு மூக்குத்தான் சிவக்கும். காது சிவந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அம்மா என்ன கேட்டவா?"

"ஒண்டுமில்லை மாமி."

"சொல்லுங்கோ."

"இஞ்சை என்னை என்னெண்டு கூப்பிடுறனீங்கள் எண்டு கேட்டவா. நான்... பேர் சொல்லித்தான் எண்டு சொன்னனான்."

எனக்காகப் பெற்ற தாயிடம் பொய் சொல்கிறார். இதற்கு மேலும் அந்தப் பிள்ளை எதைத் தாங்குவது? கையைக் கழுவாமலே எழுந்து நின்றேன்.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே அம்மாட்டைச் சொல்லுங்கோ. எனக்கு உங்கட பேர் தெரியாது."

மகளின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. என் கணவர் ஒரு மீன்முள்ளை வெகு கவனமாக ஆராய்ந்தபடி, "எனக்கும்தான்" என்றார் மெல்ல.

மருமகன் சொன்னார். அவருடைய தாய் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தம்பி என்றால் என்ன என்று கேட்டார்.

"கூடப் பிறந்தவனைச் சொல்லுறது. எங்கட வீட்டுப் பிள்ளையளையும் சொல்லுவம்" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா நான் முதல் சொன்னது அதுக்காக இல்லை. பேரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதுதான்."

"பிறகு?" என்று கேட்டது மகள்.

"பிறகு உண்மையாவே தம்பியாயிட்டார். நான் என்ன செய்ய?"

சம்பந்தியம்மா மகனிடம் தலையசைத்தார். சொல்லடா என்கிற மாதிரி. மருமகன் தன் பெயரைச் சொன்னார். சந்தேகம் வேண்டாம், நான் முதல் மூச்சிலேயே வெட்டச் சொன்ன பெயர். புயல்.

"உங்களுக்கோ?" என்றேன் நம்பமுடியாமல்.

தாய் கதையைச் சொல்ல மகன் எங்களுக்கு இத்தாலியத்தில் சொன்னார். தெளிந்த வானம் என்ற பெயரைத்தான் முதலில் தீர்மானித்திருந்தார்களாம். பிறந்த அன்று அடித்த காற்றில் கோழிக்கூட்டின் கூரை பறந்துவிட்டது. நனைந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த தகப்பன், இந்தப் பெயர் இனிச் சரிவராது என்றாராம். கோழிகள் என்னவாயின என்று என் கணவர் கவலையோடு கேட்டார். நான் அந்தப் பெயரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரம் சரியாக வந்தது. சம்பந்தியம்மா கை தட்டினார்.

தோற்றுப்போய் உட்கார எனக்கு மனமில்லை. "சரி, உங்களுக்கு என்ர பேர் தெரியுமோ?" என்று மருமகனைக் கேட்டேன். மாமி என்பதற்கு மேல் ஒன்றும் வராது என்ற நம்பிக்கை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். என் தகப்பனின் பெயரை முன்னால் வைத்து, என் பெயரை முழுவதுமாக, ஓரெழுத்தும் சிந்தாமல். "குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்திலை உங்கட பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதிப் பேப்பர் நான்தானே நிரப்பினது. வரிசையிலை நிக்கேக்கை பாடமாக்கினனான்."

முப்பது வருடத்தில் இந்த ஊரில் தமிழரல்லாத ஒருவர் என் பெயரை முழுதாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாயாசம் இறக்கவேண்டும் என்று சொல்லிக் குசினிக்குள் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மாவுக்கட்டை வெட்டும் நாளில் நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே தாதி. மருமகன் வாய் திறக்க முன் நான் நெஞ்சை நிமிர்த்தி அவருடைய பெயரைச் சொன்னேன். கேளாமலே குடும்பப் பெயரையும் சொன்னேன். அதற்குப் புயல் என்று பொருள் என்றும் சொன்னேன்.

தாதி தேடினாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "சின்யோரா, அப்பிடி ஒருத்தர் இஞ்சை வந்ததே இல்லை."

மருமகன் குனிந்து கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தார். "தம்பி தம்பி எண்டு பாருங்கோ."

உடனே கிடைத்தது. தாதி அவருடைய அட்டையை வாங்கி எல்லாவற்றையும் திருத்துகிறேன் என்றாள். அவள் திருத்தி முடிப்பதற்குள் பக்கத்துக் கதவு திறந்து, கையில் பழைய தாளோடு டொக்டர் எட்டிப் பார்த்தார்.

"சின்யோர் தம்பி!"

"என்ர பிள்ளைதான்" என்று மருமகனை முந்திக்கொண்டு நான் கையைத் தூக்கிவிட்டேன்.